மாமன் மச்சானும் மேல் கீழும்: லூயி துய்மோன் கண்ட தமிழ்ச் சமுதாயம்

‘அங்கிள்’ என்னும் ஒரே சொல் மலேசியத் தமிழர் வீடுகளில் மூன்று நான்கு தமிழ்ச் சொற்களை விழுங்கிவிட்டது. பெரியப்பாவும் அங்கிள், சித்தப்பாவும் அங்கிள், தாய்மாமனும் அங்கிள், அடுத்த வீட்டுக்காரரும் அங்கிள். இதனால் என்ன குடி முழுகிப் போயிற்று என்று கேட்பாரும் உண்டு. போனது இன்னதென்று அளந்து சொல்லத்தக்க அறிவு வாய்ந்திருந்தவர்களுள் ஒருவர் தமிழரல்லர்; பிரெஞ்சு நாட்டவர். லூயி துய்மோன் என்பது அவர் பெயர். 1911-ஆம் ஆண்டில் பிறந்து 1998-இல் மறைந்த இந்த மானிடவியல் அறிஞரைச் சாதியைப் பற்றிப் பெருநூல் எழுதியவர் என்றே உலகம் அறியும். அந்நூல் அவருக்குப் பெரும்புகழ் தந்தது உண்மையே. ஆயினும் தமிழரைப் பொறுத்தவரை அவருடைய சிறந்த பணி அதற்கு முந்தியது. பின்னதைப் போற்றுவோரும் தூற்றுவோரும் முன்னதைப் புரட்டிப் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தல் தகும்.

துய்மோன் பிறந்த ஊர் சலோனிகா. அந்நாளில் அது துருக்கியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் பொறியாளர். மகனோ இளமையில் படிப்பை இடைநடுவே விட்டுச் சில்லறைத் தொழில்கள் பல பார்த்தவர். 1930-களில் பாரிசு நகரின் நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு சிறிய அலுவலில் அமர்ந்த பின்னரே கல்வி அவரைப் பற்றிக்கொண்டது. மார்செல் மோஸ் என்னும் பேராசானின் விரிவுரைகளைக் கேட்கப் போனார், மாணவரானார். கொடுத்தல், வாங்கல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்றிலும் ஒரு சமுதாயத்தின் உயிர்நிலை இருக்கிறது என்று கற்பித்தவர் மோஸ். தமிழர் வீட்டுச் சீர்வரிசையை விளக்க இதனினும் ஏற்ற பாடம் வேறில்லை; அன்று மாணவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

போர் மூண்டது. 1940-இல் செருமானியரிடம் சிறைப்பட்ட துய்மோன் ஹாம்பர்க் நகருக்கு அருகே தொழிற்சாலை வேலையில் வைக்கப்பட்டார். அந்நகரில் வால்தர் சூப்ரிங் என்னும் சமண நூற் பேரறிஞர் இருந்தார். பகை நாட்டுப் பேராசிரியர் கைதிக்கு வடமொழி கற்பித்தார். போர்க்காலத்துக் கதைகளுள் இது ஒரு நல்ல கதை. விடுதலைக்குப் பின் தமிழும் கற்றுக்கொண்டு, 1949-ஆம் ஆண்டில் துய்மோன் தமிழகம் வந்து சேர்ந்தார்.

அவர் தேர்ந்துகொண்ட மக்கள், மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்தில் வாழும் பிறமலைக் கள்ளர். எட்டு நாடு, இருபத்து நான்கு உபகிராமம் என்று தம் மண்ணை எண்ணிச் சொல்பவர்கள் அவர்கள். வெள்ளையர் அரசு அவர்களைக் குற்றப் பரம்பரையினர் எனப் பட்டியலிட்டுக் கைரேகை வைக்கச் சொன்னது. அதனை எதிர்த்துத் திரண்டோர் மீது 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் துப்பாக்கி வெடித்தது, பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது 1947-இல்தான். அதாவது, துய்மோன் அங்கே போய் அமர்ந்தபோது அந்தப் புண் ஆறியிருக்கவில்லை. இதை நினைவில் இருத்துவது பின்னால் பயன்படும்.

அங்கே கண்டதை 1957-இல் பிரெஞ்சு மொழியில் ஒரு பெருநூலாக வெளியிட்டார். ‘தென்னிந்தியாவின் ஓர் உட்சாதி’ என்பது அதன் தலைப்பின் பொருள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, ஆங்கில இதழ் ஒன்றில், சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அச்சிறு கட்டுரையே அவருடைய பணிகளுள் தலையானது என்று கூறத் தயங்கவேண்டியதில்லை.

தமிழ் முறைப்பெயர்களின் ஒழுங்கு மேல்நாட்டார் கண்ணில் பட்டது புதிதன்று. அமெரிக்க அறிஞர் லூயிஸ் ஹென்றி மோர்கன், தம் நாட்டுச் செனெகாப் பழங்குடியினர் உறவினரை அழைக்கும் முறையும் தமிழர் முறையும் ஒத்திருத்தலைத் தமிழகத்தில் பணியாற்றிய பாதிரியார் ஒருவர் வாயிலாக அறிந்து வியந்தார். 1871-இல் அவர் வெளியிட்ட பெருநூலில் தமிழ் முறைப்பெயர் அட்டவணைக்கு முக்கிய இடம் உண்டு. பின்வந்த ரிவர்ஸ் முதலியோர், மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கமே இதற்குக் காரணம் என்றனர். பொதுவாகச் சரியே. ஆயினும் அவர்கள் யாவரும் ஒரு பிழை செய்தனர். ‘மாமன்’ என்பதைத் ‘தாயின் உடன்பிறந்தான்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டு, மொழிபெயர்ப்பின் மீது ஆராய்ச்சியைக் கட்டினர். அடித்தளம் ஆங்கிலம், மேற்கட்டடம் தமிழ். அது எங்ஙனம் நிற்கும்?

துய்மோன் மொழிபெயர்ப்பை விலக்கிச் சொல்லையே கேட்டார். தமிழில் மாமன் யார்? தாயின் உடன்பிறந்தான் மாமன். அத்தையின் கணவனும் மாமன். மனைவியைப் பெற்றவனும் மாமன். ஆங்கிலத்துக்கு வெவ்வேறாகத் தோன்றுவோர் தமிழில் ஒரே பெயருக்குள் நிற்கின்றனர். இவர்களுக்குள் பொதுமை யாது? தந்தையின் பக்கமிருந்து பார்த்தால் விடை எளிது. தாயின் உடன்பிறந்தான் தந்தைக்கு மைத்துனன். அத்தையின் கணவனும் தந்தைக்கு மைத்துனன். பெண் கொடுத்தவன் தந்தைக்குச் சம்பந்தி. முறையில் அவனும் மைத்துனனே. ஆக, மாமன் என்பது முதற்கண் தாய்வழி இரத்த உறவைக் குறிக்கும் சொல் அன்று. தந்தையின் மைத்துனன் எவனோ அவனே மகனுக்கு மாமன். அவன் மகன் இவனுக்கு மைத்துனன். மைத்துனமை வயல் வரப்பைப் போல் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது.

இதில் என்ன புதுமை என்று தமிழ் வாசகர் வினவலாம். ஐரோப்பியர் உலகில் ஒருவனுடைய மைத்துனன் அவன் மகனுக்கு இரத்த உறவினனாக மாறிவிடுகிறான். மணத்தால் வந்த உறவு ஒரு தலைமுறையோடு கரைந்து இரத்தத்தில் கலந்துவிடும். தமிழர் உலகில் அது கரைவதில்லை. மகன் காலத்திலும் பேரன் காலத்திலும் கொண்டான் கொடுத்தான் கொண்டான் கொடுத்தானாகவே நிற்பான். பங்காளி பங்காளியாகவே நிற்பான். உலகத்து உறவினர் அனைவரும் இவ்விரு வரிசைகளுள் ஒன்றில் நிற்க வேண்டியவர்களே. உறவுப்பெயர் என்றால் இரத்தக் கணக்கு என்று நம்பியிருந்த மேல்நாட்டு ஆராய்ச்சியாளருக்கு, மணத்தையே அச்சாகக் கொண்டு சுழலும் ஒரு முறை உண்டு என்று தமிழ்ச் சொற்களை வைத்தே காட்டியவர் துய்மோன். லெவி ஸ்ட்ராஸ் என்னும் மற்றொரு பிரெஞ்சுப் பேரறிஞர் 1949-இல் பெண் கொடுக்கல் வாங்கலைப் பற்றிய தம் மாபெரும் நூலை வெளியிட்டு வழி திறந்திருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் அவர் நூல்களை வைத்து உலகளந்தவர். துய்மோன் ஒரு வட்டாரத்தில் குந்தியிருந்து காது கொடுத்தவர்.

மற்றொன்றும் கண்டார். கள்ளர் தந்தை வழியில் குலம் எண்ணுபவர். கொண்டையங்கோட்டை மறவர் தாய் வழியில் கிளை எண்ணுபவர். வழி வேறாயினும் முறைப்பெயர் ஒன்றே. எனவே, குலம் எந்த வழியில் இறங்குகிறது என்பது இரண்டாம் செய்தி, மணத்தொடர்பே முதற்செய்தி. இவ்வாறு பக்கத்துப் பக்கத்து மக்களை ஒப்பிட்டு உண்மை காணும் முறை 1957-இல் அவர் எழுதிய மற்றொரு சிறு நூலில் நன்கு விளங்கும்.

சீர்வரிசைக் கணக்கு இக்கருத்துக்கு உரைகல். திருமணத்தில் பெண் வீட்டார் செய்யும் முறை அன்றோடு தீர்வதில்லை. தங்கையின் பிள்ளைக்குக் காது குத்துகையில் மாமன் மடி வேண்டும். அவள் மகள் பெரியவளானால் மாமன் சீர் வேண்டும். வீட்டில் சாவு விழுந்தால் கோடித்துணி வேண்டும். அண்ணனாய்க் கொடுத்தவன் மாமனாய்க் கொடுக்கிறான். பெயர் மாறுகிறது, கை மாறுவதில்லை. கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளில் தாம்பூலத் தட்டும் பட்டும் எண்ணி எண்ணி வாங்கும் ஒருவரை, யாருக்கு என்று கேட்டால், ‘தங்கச்சி பொண்ணுக்கு’ என்பார். மோஸின் பாடமும் துய்மோனின் விளக்கமும் அந்த ஒரு விடையில் அடக்கம்.

குறையும் உண்டு. அக்காள் மகளை மணக்கும் வழக்கம் தமிழரிடையே பல வகுப்பாரிடம் உள்ளது. துய்மோன் வரைந்த கட்டத்தில் அது நேராக அடங்குவதில்லை. தலைமுறைக் கோடு அங்கே சாய்ந்துவிடுகிறது. பெண்ணின் பக்கமிருந்து பார்த்தால் இவ்வொழுங்கு எப்படித் தோன்றும் என்பதையும் அவர் மிகுதியாகக் கேட்கவில்லை. முறைமாமன் உரிமை என்பது ஆணுக்கு உரிமை. பெண்ணுக்குப் பல வேளைகளில் விலங்கு. பிறநாட்டுச் சட்டம் செய்வோரும் இவ்வழக்கத்தின் முன் சற்றுத் திகைத்தே நின்றனர். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதார்க்கான 1976-ஆம் ஆண்டு மண, மணவிலக்குச் சட்டம், மாமனும் மருமகளும் மணத்தலைத் தடுக்கும் அதே பிரிவில், வழக்கப்படி இந்து ஒருவர் தம் உடன்பிறந்தாள் மகளை மணப்பதை மட்டும் விலக்கி வைத்திருக்கிறது. உசிலம்பட்டிக்கும் கோலாலம்பூருக்கும் இடையே கடல் இருக்கிறது. முறைக்குக் கடல் இல்லை.

இன்னும் ஒரு சிறு கட்டுரை குறிப்பிடத்தக்கது. அது ஐயனாரைப் பற்றியது, 1953-இல் வந்தது. ஐயனார் யார் என்று தனியே கேட்டால் விடை கிடைக்காது, அவருக்கு அருகில் யார் நிற்கிறார் என்று கேட்கவேண்டும் என்பது அதன் சாரம். ஐயனார் சைவப் படையல் ஏற்பவர். காவலாய் நிற்கும் கருப்பர் கிடா ஏற்பவர். கிடா விழும்போது ஐயனார் முன் திரை இடுவர். ஒருவர் தூய்மை மற்றவர் இரத்தத்தால் விளங்குகிறது. ஒருவர் இன்றி மற்றவர் இல்லை. மலாயாத் தோட்டங்களில் பால்மரக் காட்டின் ஓரத்தில் கல்நட்டு வணங்கப்பெற்ற முனியாண்டியும் மதுரை வீரனும் பின்னர் என்ன ஆயினர் என்பதை அறிந்தோர்க்கு இக்கட்டுரை இனிக்கும். தோட்டத்து மாரியம்மன் கோயில் கோபுரம் பெற்று ஆகம முறைக்கு மாறியதும், குருக்கள் வந்ததும், காவல் தெய்வம் மூலைக்குப் போனார். ஆனால் வெளியே போகவில்லை. அம்மனுக்குப் பாலபிடேகம், மூலையில் அவருக்குச் சுருட்டு. திரை இருக்கிறது, இடம் மாறியிருக்கிறது.

இத்துணை நுட்பமாகக் கேட்ட செவி, 1966-இல் வேறொன்றைக் கேட்கத் தொடங்கியது. உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு முதன்முதலாகக் கோலாலம்பூரில் கூடிய ஆண்டும் அதுவே. அவ்வாண்டில் பாரிசில் வெளிவந்த ‘ஓமோ ஹியரார்க்கிகஸ்’ என்னும் நூல் துய்மோனை உலகறியச் செய்தது. அதற்குள் அவர் நான்காண்டு ஆக்ஸ்போர்டில் கற்பித்து, 1955 முதல் பாரிசில் பேராசிரியராகி, டேவிட் போகாக் என்பாரோடு சேர்ந்து இந்தியச் சமூகவியலுக்கென 1957-இல் ஓர் இதழும் தொடங்கியிருந்தார். வட இந்தியாவில் கோரக்பூர்ப் பகுதியிலும் சென்று ஆராய்ந்தார். ஆயினும் இந்நூலின் முதுகெலும்பு அவர் கண்ணால் கண்ட ஊர்கள் அல்ல; சாத்திரங்கள்.

நூலின் வாதம் இது. மேல்நாட்டார் சமத்துவத்தை இயல்பென்று கொண்டு, சாதியை அதன் சீர்கேடாகப் பார்க்கின்றனர், அது தவறு. மனித வரலாற்றில் பெரும்பாலான சமுதாயங்கள் படிநிலையை இயல்பாகக் கொண்டவை; தனிமனிதனை முதலாகக் கொண்டு எண்ணும் இற்றைநாள் ஐரோப்பாவே விதிவிலக்கு. சாதியின் அடிப்படை தூய்மை, தீட்டு என்னும் எதிர்நிலை. முழுமை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சாதியும் அதன் உறுப்பு. இங்கே மதிப்பு வேறு, அதிகாரம் வேறு. மன்னனிடம் வாள் இருந்தாலும் அந்தணன் மதிப்பில் மேலானவன். அதிகாரம் மதிப்புக்கு உள்ளடங்கியது. சாதிக்குள் அகமணம் இருப்பதும் இப்படிநிலையின் விளைவே அன்றி அதன் வேர் அன்று. சமுதாயத்தில் தனிமனிதனாக நிற்க விரும்புவோன் துறவியாகி வெளியேறவேண்டும்.

இதில் உண்மை இல்லை என்று தள்ளிவிட இயலாது. ஐரோப்பியர் தம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கவேண்டும் என்றது பெரிய நேர்மை. துறவியைப் பற்றிய கருத்து, சித்தரையும் பட்டினத்தாரையும் அறிந்த தமிழருக்கு விளக்கம் வேண்டாதது. அதிகாரமும் மதிப்பும் ஒன்றன்று என்பதும் பல இடங்களில் பொருந்தும். பிழை எங்கே எனின், தராசின் ஒரு தட்டில் மட்டும் நின்று எடை சொன்னதில். மேலே இருப்பவன் தன் நிலைக்குச் சொல்லும் விளக்கத்தை முழுச் சமுதாயத்தின் உள்ளக்கிடக்கை என்று கொண்டுவிட்டார். கீழே இருப்பவன் அதை ஒப்புக்கொண்டானா, அன்றி அடிக்கு அஞ்சி அமைந்தானா என்ற கேள்வி நூலில் வலுவாக எழவே இல்லை. மென்ச்சர் என்னும் அம்மையார் 1974-இல் சாதியைத் தலைகீழாக, அதாவது கீழிருந்து, பார்க்கவேண்டும் என்று தமிழக, கேரள ஊர்களை வைத்து எழுதினார். நிக்கலஸ் டிர்க்ஸ் 1987-இல் புதுக்கோட்டைத் தொண்டைமான் அரசை ஆராய்ந்து, அங்கே மரியாதையும் மதிப்பும் அரசனைச் சுற்றியே அமைந்திருந்தன, அந்தணனைச் சுற்றியன்று எனக் காட்டினார். புதுக்கோட்டை அரசரும் கள்ளர் மரபினர் என்பது இங்குச் சுவையான செய்தி. துய்மோன் தாம் வாழ்ந்த மக்களின் உறவினரிடமிருந்தே மறுப்பைப் பெற்றார் எனலாம்.

வியப்பு யாதெனின், மறுப்புக்கு வேண்டிய சான்றுகள் அவர் கண்முன்பே இருந்தன. அவர் தமிழகத்தில் இருந்த காலம் எத்தகையது? 1949-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் சென்னையில் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது. 1950-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. கால் நூற்றாண்டாகப் பெரியார் ஊர் ஊராகச் சென்று பேசி வந்தார். 1929 டிசம்பரில் தொடங்கிய பயணத்தில் மலாயாவுக்கும் வந்து பேசினார். அந்தணனுடைய தூய்மை மதிப்பிழந்தாலன்றித் தீண்டாமை உண்மையில் மறையாது என்று துய்மோன் தம் நூலில் ஓரிடத்தில் கூறுகிறார். நல்ல கருத்து. சுயமரியாதை இயக்கத்தார் மேடைதோறும் சொன்னதும் அதுதானே! ஆனால் அவர்களை அவர் சமுதாயத்தின் குரலாக எண்ணவில்லை. புதுக்காலத்தின் ஒலி என்று ஒதுக்கினார். ஈராயிரம் ஆண்டு முந்திய சாத்திரம் இந்தியாவின் குரல். எதிரே மேடையில் பேசுபவன் ஐரோப்பாவின் எதிரொலி. இவ்வளவைக் கண்டவர் இதை எப்படிக் காணாது விட்டார் என்பது விளங்கவில்லை.

குற்றப் பரம்பரைச் சட்டத்தின் தழும்பையும் அவ்வாறே பெருநூல் மறந்தது. அந்த வட்டாரத்து மக்களின் நிலையை அரசனின் தடியும் ஆங்கிலேயனின் துப்பாக்கியும் எவ்வளவு செதுக்கின என்பது 1957 நூலில் தெரியும். 1966 நூலில் தெரியாது. அதே உசிலம்பட்டிப் பகுதியில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைமை 1996-இல் ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டபோது பத்தாண்டுக் காலம் தேர்தல் முறையாக நடைபெற முடியவில்லை, 2006-இல்தான் நடந்தது. அங்கே தடையாக நின்றது தீட்டுக் கொள்கையா, நிலமும் எண்ணிக்கையும் தந்த வலிமையா? அந்தணர் பேச்சே எழாத வழக்கு அது. மதிப்புக்குள் அதிகாரம் அடங்கியது என்னும் சூத்திரம் இங்கே சற்றும் உதவாது.

மலாயாத் தோட்டத்தைப் போல் துய்மோன் கொள்கைக்குச் சோதனைக்களம் வேறு இல்லை. துய்மோன் கருத்தின்படி, முழுமை சிதைந்தால் உறுப்பு நில்லாது. தாயகத்தை விட்டுக் கடல் கடந்த இடத்தில் சாதி என்னும் ஒழுங்கு இருக்க வழியில்லை. தோட்டத்து லயத்தில் முழுமை இருந்ததா? கங்காணி பல ஊர்களிலிருந்து ஆள் திரட்டிக் கொண்டுவந்தான். 1938-இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தும்வரை இது நடந்தது. வந்தவர் யாவரும் ஒரே பெரட்டில் நின்று, ஒரே கத்தி பிடித்து, ஒரே பால்வாளி தூக்கினர். தொழிலால் சாதி பிரிய இடமில்லை. லயத்தில் அந்தணர் இல்லை. உச்சியில் இருந்தவர் மாட்டிறைச்சி உண்ணும் வெள்ளைத் துரை. அவருக்குக் கீழே கிராணி, அவருக்குக் கீழே கங்காணி, அவருக்குக் கீழே மரம் வெட்டுவோர். மேட்டில் பங்களா, சரிவில் கிராணி வீடு, பள்ளத்தில் லயம் என நிலமே படிக்கட்டாயிற்று. இப்படிநிலையில் தூய்மைக்கு வேலையே இல்லை. கூலியும் பிரம்பும் அதன் இலக்கணம்.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை இங்கு நினைத்தல் தகும். தொழிலாளர் கேட்டவை கூலி உயர்வு மட்டுமல்ல. பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்கவேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி வேண்டும், கள்ளுக்கடை மூடவேண்டும் என்றனர். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக உரிமை வேண்டும் என்றும் கேட்டனர். படை வந்தது, சூடு நடந்து உயிர்கள் போயின, முன்னின்ற ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். சைக்கிளில் அமர்ந்தபடியே போகவேண்டும் என்பது சிறிய கோரிக்கையா? படிநிலையை மனிதன் உள்ளத்தில் இயல்பென்று ஏற்றிருந்தால் அக்கோரிக்கை பிறந்திருக்குமா? தூரத்துச் சாத்திரம் படிக்காத மரம் வெட்டும் தொழிலாளி அன்று துய்மோனுக்கு மறுப்பு எழுதிவிட்டார். நூல் வெளிவருவதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் முன்னதாக.

பிரிக்பீல்ட்ஸ் நிலை வேறு வகைச் சிக்கல். இரயில்வே அலுவலராக வந்த இலங்கைத் தமிழர் அங்கே குடியேறினர். அருகிலேயே இந்தியத் தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர். இருவருக்கும் மொழி ஒன்று, தெய்வம் ஒன்று. ஆயினும் நாடு, ஆங்கிலக் கல்வி, சம்பளம், சாதி ஆகிய நான்கும் முறுக்கிய கயிறாய் ஓர் இடைவெளியை உண்டாக்கின. இதில் எந்த இழை தீட்டு, எந்த இழை சம்பளம் என்று பிரிக்கத் துய்மோன் தந்த ஊசி போதாது.

அங்ஙனமாயின், முழுமை போனதால் சாதியும் போயிற்றா? அவர் கொள்கைப்படி போயிருக்க வேண்டும். போகவில்லை. 1962-இல் இங்கு வந்து ஒரு தோட்டத்தில் தங்கி ஆராய்ந்து 1970-இல் நூல் வெளியிட்ட ரவீந்திர ஜெயினும், மலேசிய இந்தியத் தமிழரின் சாதி உணர்வைப் பற்றி 1984-இல் நூல் தந்த இராஜகிருஷ்ணன் இராமசாமியும் அதன் தடங்களைக் குறித்துள்ளனர். தொழிலில் இல்லை, ஒரே மேசையில் உண்பதில் பெரும்பாலும் இல்லை, திருமணத்தில் இருக்கிறது. நான்காம் தலைமுறை மலேசியரின் வீட்டில் பெண் பார்க்கச் சென்றால், பெரியவர் ஒருவர் மெல்லக் கேட்பார்: “நீங்க ஊர்ல எந்தப் பக்கம்?” கேட்பவரும் அவ்வூரைப் பார்த்ததில்லை, கேட்கப்பட்டவரும் பார்த்ததில்லை. ஊரை அறிவதற்காகக் கேட்ட கேள்வி அன்று அது.

படிநிலை வேர், அகமணம் விளைவு என்றார் துய்மோன். வேர் அற்ற பின்னும் விளைவு தழைத்து நிற்பதேன்? இவ்வினாவுக்கு விடை 1916-ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த அம்பேத்கார், சாதியின் உயிர்நிலை அகமணமே என்று ஒரு கட்டுரையில் நிறுவினார். தீட்டு முதலியவை பின்வந்த ஆடைகள் என்பது அவர் முடிவு. பாரிசுப் பேராசிரியரின் பெருநூலில் அவ்வாதத்துக்கு உரிய இடம் கிட்டவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்குக் கலியாண வீடுகளைச் சான்றாக வைத்தால், வழக்கு மாணவர் பக்கமே தீர்ப்பாகும்.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. வழக்கின் இரு பாதிகளும் துய்மோன் கையில் இருந்தன. ஒரு பாதி, மணத்தொடர்பு தலைமுறை தலைமுறையாக இறங்கும் என்பது. மறு பாதி, சாதி. கொண்டான் கொடுத்தான் சங்கிலி எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அதுவே சாதியின் வேலி. மாமன் மச்சான் என்னும் இனிய சொற்களே அவ்வேலியின் கம்பிகள். 1957-இன் சிறு நூலில் அவ்விணைப்பை அவர் தொட்டார். பின்னர் தூய்மை, தீட்டு என்னும் பேரொளியில் அது மங்கிவிட்டது. முந்திய நூல் மறக்கப்பட்டதற்கு அவரையே முழுதும் குறை கூறவும் முடியாது. 1966-இன் நூல் நான்கே ஆண்டில், 1970-இல், ஆங்கிலமாயிற்று. கள்ளரைப் பற்றிய நூல் ஆங்கிலமாக 1986 வரை காத்திருந்தது.

வேலியின் கம்பிகள் என்றதால் சொற்களின் மீது பழி போடுவதாகக் கொள்ளவேண்டா. தோட்டத்து லயத்தில் வேறொன்றும் நடந்தது. வெவ்வேறு ஊரார், வெவ்வேறு வகுப்பார், பங்காளியையும் மாமனையும் கடலுக்கு அப்பால் விட்டு வந்தோர், அடுத்தடுத்த கதவுகளில் குடியிருந்தபோது ஒருவரையொருவர் வெறும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. முறை வைத்து அழைத்தனர். பக்கத்து வீட்டுக்காரரை ஒருவர் அண்ணன் என்று அழைக்கத் தொடங்கினால், அவர் மனைவி அண்ணி. அவர் பிள்ளைகள் சித்தப்பா என்று ஓடி வருவர். அவ்விரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் பின்னாளில் மணப்பேச்சு எழுவதில்லை. எதிர்வீட்டுக்காரரை மாமா என்று அழைத்துவிட்டால், அவர் மகன் மச்சான். அவனைக் கேலி செய்யலாம். காலம் கனிந்தால் பெண்ணும் கேட்கலாம். இரத்தமும் ஊரும் வகுப்பும் தராத உறவை ஒரு விளி தந்தது. சில வீடுகளில் அது கலியாணம் வரை போனது. பல வீடுகளில் கலியாணப் பேச்சில் நின்றுவிட்டது. இன்று கோலாலம்பூர் மாமாக் கடையில் சீன இளைஞனும் மலாய் இளைஞனும் தமிழ்த் தோழனை ‘மச்சா’ என்று அழைத்துத் தேநீர் சொல்கின்றனர். தம்பி, அண்ணன் என்னும் சொற்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க, பெண் கொடுத்து எடுப்பவனுக்குரிய சொல்லையே அவர்கள் பொறுக்கி எடுத்திருக்கின்றனர். பங்காளியோடு பாகப்பிரிவினை உண்டு, மச்சானோடு சிரிப்புண்டு என்பது அவர்களுக்கும் யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது போலும்.